வைஃபை மெதுவா இருக்கா? பழைய லேப்டாப்பைத் திட்டாதீங்க சாமிகளா!

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு இது. பொட்டி தட்டுற ஆளுங்க பொறுமையாப் படிங்க. மத்தவங்க பயந்து ஓட வேண்டாம், கணக்கெல்லாம் வெறும் பெருக்கல் வகுத்தல்தான் :-)

"பழைய லேப்டாப்புங்க இருக்குறதாலதான் வைஃபை மெதுவா இருக்கு." இந்த ஒரு வரியை எத்தனை கல்லூரியில, எத்தனை ஆபீஸ்ல கேட்டிருப்பீங்க? சொல்றவர் நெட்வொர்க் பார்க்குற ஆளா இருப்பார், கையில ஒரு கொத்து சாவி இருக்கும், நாமளும் தலையாட்டிட்டு வந்துடுவோம். இந்த வரியில பாதி உண்மை இருக்கு. முழுப் பொய்யா இருந்தா ஒரே போடா போட்டுட்டுப் போயிடலாம். பாதி உண்மைதான் ஆபத்து.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். நம்ம ஊர் வளாகங்கள்ல போக வேண்டிய பழசை உள்ளே வெச்சுக்கிட்டு, இருக்க வேண்டிய பழசை வெளியே துரத்துறாங்க. துரத்தப்படுறது கருவி இல்லை, அதை வெச்சிருக்குற பிள்ளைகள். எப்படின்னு பார்ப்போம்.

*

புதுச்சேரிக்குப் பக்கத்துல ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பேர் வேண்டாம். இந்த வியாதி ஒரு கல்லூரிக்கு மட்டும் சொந்தமில்லை. அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிற என் சித்தி பொண்ணு ஒரு சுற்றறிக்கையை எனக்கு அனுப்பினாள். சாரம் இதுதான்: வளாக வைஃபையின் வேகத்தைக் கூட்டுவதற்காக, அடுத்த பருவத்தில் இருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இல்லாத கருவிகள் இணைக்கப்பட மாட்டாது. மாணவர்கள் உரிய கருவிகளை வாங்கிக்கொள்ளவும்.

வாங்கிக்கொள்ளவும்! என்னமோ ரெக்கார்டு நோட்டு வாங்குற மாதிரி.

அவகிட்ட இருக்குறது அவ அண்ணனுக்கு 2017-ல தமிழ்நாடு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. மூடியில அம்மா படம் போட்டது. அதுல இருக்குற வைஃபை அட்டை 802.11 பி/ஜி/என், ஒரே ஆண்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அந்த விலைக்கு அந்தக் காலத்துல அதுதான் வழக்கம். பேட்டரி போயிடுச்சு, சார்ஜரை மாட்டியே வெச்சிருக்கணும். மத்தபடி சி புரோகிராம், பைத்தான், பிடிஎஃப், வீடியோ பாடம் எல்லாம் ஓடுது. படிக்கிற பிள்ளைக்கு வேற என்ன வேணும்?

இது ஒருத்தி கதை இல்லை. தமிழ்நாட்டுல அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்னிக்கு ஆரம்பிச்சுது. 50 லட்சத்துக்கும் மேல மடிக்கணினி கொடுத்தாங்க. புதுச்சேரி அரசும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கு. நம்ம ஊரைத்தான் தெரியுமே, எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்துல தமிழ்நாடு வந்துடும். வானூர், திண்டிவனம், மரக்காணம், கடலூர்னு சுத்துப்பட்டுல இருந்து பஸ் ஏறி இங்கே படிக்க வர்ற பிள்ளைகள் கையில இந்தப் பெட்டிங்கதான் இருக்கு. அக்கா படிச்சு முடிச்சதும் தம்பி, தம்பிக்கு அப்புறம் மாமா பொண்ணுன்னு கை மாறி வரும்.

இன்னொரு விஷயம். நம்ம நாட்டுல 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாம யாரும் பயன்படுத்தலாம்னு மத்திய அரசு அறிவிச்சது 2005 ஜனவரியில. 5 கிகாஹெர்ட்ஸ்ல அப்போ கொஞ்சம்தான் கிடைச்சுது, அதுவும் நிபந்தனைகளோட. 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு அதைத் தாராளமாத் திறந்துவிட்டது 2018 அக்டோபர்லதான். ஆக, அரசாங்கம் வழியை விரிச்சதே 2018-ல. அதுக்கு முன்னாடி அதே அரசாங்கங்கள் வாங்கிக் கொடுத்த பெட்டியில 5 கிகாஹெர்ட்ஸ் ஏன் இல்லைன்னு பிள்ளையைக் கேட்டா, அது என்ன நியாயம்?

*

சரி, உணர்ச்சியை ஓரமா வெச்சிட்டு இன்ஜினியரிங் பேசுவோம். "நீ பரிதாபம் பேசுற, நெட்வொர்க் பரிதாபம் பார்க்காது" அப்படின்னு ஒரு சீனியர் அண்ணாச்சி கண்டிப்பா வருவார். அண்ணாச்சி, வாங்க, உக்காருங்க.

வைஃபைங்கிறது ஒரே ஒரு மைக் வெச்ச கூட்டம். ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். மத்தவங்க காது கொடுத்துக் கேட்டுட்டு, மைக் சும்மா இருந்தா எடுக்கணும். இதுல விதி என்னன்னா, எல்லாருக்கும் சமமா முறை கிடைக்கும். சமமா நேரம் கிடைக்காது. வேகமாப் பேசுறவர் ஒரு நொடியில முடிச்சிடுவார். இழுத்து இழுத்துப் பேசுறவர் அதே ஒரு முறையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டே நிப்பார்.

எண்ணுல பார்க்கலாம். 1500 பைட் உள்ள ஒரு பாக்கெட்:

- 1 எம்பிபிஎஸ் வேகத்துல போனா, சுமார் 12.2 மில்லிநொடி.
- 11 எம்பிபிஎஸ்ல, சுமார் 1.3 மில்லிநொடி.
- 54 எம்பிபிஎஸ்ல, சுமார் 0.25 மில்லிநொடி.
- 65 எம்பிபிஎஸ்ல (சித்தி பொண்ணு லேப்டாப் ஏ.பி. பக்கத்துல இருந்தா சாதாரணமா எட்டுற வேகம்), சுமார் 0.22 மில்லிநொடி.

கடைசி வரிக்கும் முதல் வரிக்கும் 55 மடங்கு வித்தியாசம். ஒரே ஒருத்தர் 1 எம்பிபிஎஸ்ல பேசினா மொத்தக் கூட்டமும் அவர் வேகத்துக்கு இறங்கிடும். இது நான் கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. 2003-ல ஹொய்ஸ் உள்ளிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள் நாலு பேர் 802.11பி-யில இருக்குற இந்தக் கோளாறைக் கணக்குப் போட்டுக் கட்டுரையா வெளியிட்டாங்க. அந்தத் துறையில ரொம்பப் பிரபலம். "பழசு இழுக்குது"ன்னு சொல்றவங்க எல்லாரும் தெரிஞ்சோ தெரியாமலோ இந்தக் கட்டுரையைத்தான் சொல்றாங்க.

ஆனா கட்டுரையில சொல்ற "மெதுவான கருவி" எது? 1 எம்பிபிஎஸ்ல பேசுற 802.11பி கருவி. 1999-ல வந்த தரம். சித்தி பொண்ணு பெட்டி 802.11என், 2009-ல வந்த தரம். ரெண்டையும் "பழசு"ங்கிற ஒரே சாக்குப் பைக்குள்ள போட்டுக் கட்டினதுதான் இந்த மொத்த அநியாயத்துக்கும் ஆரம்பம்.

பி மட்டும் தெரிஞ்ச கருவின்னா எது? 2003-ல வந்த முதல் சென்ட்ரினோ லேப்டாப்புல இருந்த வைஃபை அட்டை, நின்டெண்டோ டிஎஸ் விளையாட்டுப் பெட்டி, ஏதோ ஒரு கிட்டங்கியில கிடக்குற அந்தக் கால பார்கோடு வாசிப்பான். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, இதையெல்லாம் எந்த மாணவன் கிளாசுக்குக் கொண்டு வர்றான்? காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல தேடினாலும் சிரமம்தான் :-)

என் கருவியோ? 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல, ஒரே ஆண்டெனாவோட, 72 எம்பிபிஎஸ் வரைக்கும் பேசும். அதுல பாதி கையில கிடைச்சாலும் வீடியோ பாடம் பார்க்குறதுக்குத் தாராளம். அது மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளே இல்லை.

இன்னும் ஒண்ணு. வேகத்தைத் தீர்மானிக்கிறது கருவியோட வயசு மட்டும் இல்லை, தூரமும் சுவரும். போன வருஷம் வாங்கின விலை உயர்ந்த போனை எடுத்துக்கிட்டு ரெண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போங்க. சிக்னல் குறைஞ்சதும் அதுவும் 6, 7 எம்பிபிஎஸ்லதான் பேசும். அப்போ ஏ.பி. பக்கத்துல உக்காந்திருக்குற 2017 லேப்டாப்பை விட அந்தப் புது போன்தான் காத்தை அதிகமாத் தின்னுது. நம்ம ஊர் டூமாஸ் தெருப் பக்கம் இருக்குற பிரெஞ்சு காலத்துக் கட்டடங்களைப் பாருங்க. செங்கல், சுண்ணாம்பு, கையை நீட்டி அளக்குற அகலத்துல சுவர். அந்த மாதிரிக் கட்டடத்துல 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறைக்குப் போறதுக்குள்ள மூச்சு வாங்கும். 2.4 கொஞ்சமாவது தாண்டும். "5 மட்டும்"னு பண்ணினா அங்கே புது கருவிக்காரங்களும் சேர்ந்துதான் அழணும்.

*

இப்போ சிரிப்பான பகுதி.

அந்தக் கல்லூரிக்கு ஒரு விழாவுக்காகப் போயிருந்தேன். கையில லினக்ஸ் போட்ட லேப்டாப். சும்மா ஒரு ஸ்கேன் ஓட்டினேன். யாருடைய கடவுச்சொல்லும் வேண்டாம், காத்துல எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஏ.பி. தானே கத்துற தகவல்தான் அது. அந்தத் தாழ்வாரத்துல பார்த்தது:

- மாணவர், ஆசிரியர், விருந்தினர், தேர்வு, அலுவலகம்னு 5 பெயர்கள், அதாவது 5 எஸ்எஸ்ஐடி.
- ஒரே சேனல்ல 3 ஏ.பி. நல்லாவே கேக்குது.
- குறைந்தபட்ச வேகம்: 1 எம்பிபிஎஸ். ஆமாங்க, 1999-ஓட பி தரத்துக்கு இன்னும் வரவேற்பு வளைவு வெச்சிருக்காங்க!
- 2.4-ல 40 மெகாஹெர்ட்ஸ் அகலம். இருக்குறதே 1, 6, 11-னு ஒண்ணோட ஒண்ணு மோதாத மூணு சேனல். அதுல ஒருத்தர் ரெண்டு சீட்டு போட்டு உக்காந்தா மத்தவங்க எங்கே போறது?

இதோட விளைவைப் பெருக்கிப் பார்ப்போம். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடி-க்கும் ஏ.பி. "நான் இங்கே இருக்கேன்"னு 102.4 மில்லிநொடிக்கு ஒரு தடவை அறிவிப்பு விடும். பீக்கன்னு பேர். அதை எல்லாருக்கும் புரியணும்னு, அடிப்படை வேகமா வெச்சதுலயே குறைஞ்ச வேகத்துல விடும். பீக்கன் 250 பைட்னு வெச்சுக்குவோம். 1 எம்பிபிஎஸ்ல ஒரு பீக்கனுக்கு சுமார் 2.2 மில்லிநொடி. 5 பெயர், 3 ஏ.பி., ஆக 15 பீக்கன். 15 × 2.2 = 33 மில்லிநொடி. ஒவ்வொரு 102.4 மில்லிநொடியிலயும் 33!

அதாவது ஒரு பிள்ளையும் லேப்டாப்பைத் திறக்கல, ஒரு பைட் பாடமும் போகல, காத்துல மூணுல ஒரு பங்கு ஏற்கெனவே காலி. "நான் இருக்கேன், நான் இருக்கேன்"னு ஏ.பி.-கள் கத்துற கத்துலயே போச்சு. அது போக, பைக்குள்ள இருக்குற ஒவ்வொரு போனும் "யாராவது இருக்கீங்களா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும், அதுக்கு 15 பேரும் பதில் சொல்லணும்.

இப்போ அந்தக் குறைந்தபட்ச வேகத்தை 6 எம்பிபிஎஸ் ஆக்குங்க. ஒரு பீக்கனுக்கு 0.36 மில்லிநொடிதான். 15-க்கும் சேர்த்து 5.4. முப்பத்திச் சொச்சம் சதவீதம் அஞ்சு சதவீதமா இறங்குது. பெயர்களை 5-ல இருந்து 2 ஆக்கினா ரெண்டு சதவீதம். செலவு? பூஜ்யம் ரூபாய். கன்ட்ரோலர் திரையில நாலு டிக்கை எடுக்கணும்: 1, 2, 5.5, 11. அவ்ளோதான். இது எந்த ரகசிய மந்திரமும் இல்லை, நெட்வொர்க் கருவி தயாரிக்கிறவங்க கொடுக்குற கையேடுகள்லயே இருக்குற யோசனை.

இதைச் செஞ்சா யார் வெளியே போவாங்க? பி மட்டும் தெரிஞ்ச அந்த நின்டெண்டோ டிஎஸ். ஜி தெரிஞ்ச 2004 லேப்டாப் கூட இருக்கும். என் தெரிஞ்ச சித்தி பொண்ணு பெட்டி ஜம்முனு ஓடும்.

ஆனா என்ன பண்ணினாங்க? யாருமே பயன்படுத்தாத பி-க்கு சிவப்புக் கம்பளம், நூத்துக்கணக்கான பிள்ளைகள் பயன்படுத்துற என்-க்கு கேட்டுல பூட்டு. குத்தவாளியைச் சபையில உக்கார வெச்சிட்டு சாட்சியைத் தூக்குல போட்ட கதை. முடியல!

*

அண்ணாச்சிகள் சொல்லக்கூடிய மறுப்புகளையும் பார்த்துடலாம்.

"பாதுகாப்பு முக்கியம் தம்பி. பழைய கருவி ஆபத்து."

ஒத்துக்கறேன், ஆனா எது ஆபத்துன்னு பிரிச்சுச் சொல்லுங்க. டபிள்யூ.இ.பி., டி.கே.ஐ.பி. மாதிரிப் பழைய பூட்டுகளைத் தூக்கி எறியுங்க, முதல் ஆளா கை தட்டுவேன். அதுகளை வெச்சிருந்தா வேகமும் கெடும். டி.கே.ஐ.பி. போட்டா என் தரத்தோட வேகமே கிடைக்காது, 54-லயே நின்னுடும். ஆனா விலையில்லா மடிக்கணினிக்கு டபிள்யூ.பி.ஏ-2, ஏ.இ.எஸ். தெரியும். அதைத் தடுக்க எந்த முகாந்திரமும் இல்லை. டபிள்யூ.பி.ஏ-3 வேணும்னா தெரிஞ்சவங்களுக்கு அதையும் கொடுங்க, ரெண்டும் சேர்ந்து ஓடும்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பழசுங்கிறது வேற பிரச்சினை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சாதாரண ஆதரவு முடிஞ்சுது, இந்தப் பெட்டிங்கள்ல பலதுல விண்டோஸ் 11 ஏறாது. நிஜமான சிக்கல்தான். ஆனா அதுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் என்ன சம்பந்தம்? லினக்ஸ் போட்டுக் கொடுங்க. அந்த மடிக்கணினிகள் வந்தப்பவே சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் கூட வந்துச்சு. ஒரு பொறியியல் கல்லூரியில, கணினித் துறை இருக்குற இடத்துல, ஒரு சனிக்கிழமை நாலு சீனியர் பசங்க உக்காந்தா நாப்பது பெட்டிக்கு லினக்ஸ் ஏத்திடலாம். அவங்களுக்கும் அது படிப்புதான்.

"புது வைஃபை 7 ஏ.பி. வாங்கப் போறோம். பழசு வந்தா காசு வீண்."

இது விற்பனைப் பிரதிநிதி வாயில இருந்து வந்த வசனம். வைஃபையோட பெருமையே பழசை விடாம இழுத்துக்கிட்டு வர்றதுதான். இன்னிக்குப் புதுசா வந்த ஏ.பி.-யோட 2.4 ரேடியோவும் 2003-ல வந்த ஜி கருவியோட பேசும், அப்படித்தான் தரத்தையே எழுதியிருக்காங்க. பொறியாளர்கள் இருபது வருஷத்துக்கு மேல மெனக்கெட்டுக் கட்டின பாலத்தை ஒரு டிக் எடுத்து இடிக்கிறது நீங்க. தரம் இல்லை.

"2.4 ஏற்கெனவே நெரிசல். அங்கே தரமான சேவை கொடுக்க முடியாது."

இதுதான் உருப்படியான மறுப்பு. 60 பேர் வகுப்புல 60 பேரும் 2.4-ல ஏறினா ஆளுக்கு அரை எம்பிபிஎஸ் தேறுறதே பெரிய விஷயம். ஆனா தீர்வு எதிர்ப்பக்கம் இருக்கு. 5 தெரிஞ்ச கருவிகளை 5-க்குத் தள்ளுங்க, 2.4-ஐ வேற வழி இல்லாதவங்களுக்கு விடுங்க. புது போன்காரங்க 5-க்குப் போயிட்டா, 2.4-ல மிஞ்சுறது பத்துப் பன்னெண்டு பேர். அவங்களுக்கு அது போதும். பஸ்ல எல்லாரும் ஏறினா நெரிசல்தான், பைக் இருக்குறவன் பைக்ல வரட்டும். அதுக்காகப் பஸ்ஸையே நிறுத்துவாங்களா?

அதோட, 2.4-ஐ மூடினா அடி வாங்குறது லேப்டாப் மட்டும் இல்லை. உங்க பசங்க பண்ற ஐஓடி ப்ராஜெக்ட்ல பாதிக்கு மேல இருக்குற ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32 சில்லுகளுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 2016-ல வந்த ராஸ்பெர்ரி பை 3-க்கும் அப்படியே. ஸ்மார்ட் கேம்பஸ்னு பேனர் வெச்சிட்டு, ஸ்மார்ட் பொருளுக்கே அனுமதி இல்லையா?

"போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கட்டுமே."

அதுக்கு யார் காசு? 2024 ஜூலையில ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூணும் கட்டணத்தை ஏத்துனாங்க. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்ல, ஒரு மென்பொருளைத் தரவிறக்கினாலே அன்னிக்குக் கதை முடிஞ்சுது. அசைன்மெண்ட் ஏத்துறது, உள்மதிப்பீட்டு மார்க் பார்க்குறது, 2003-ல இருந்து ஐஐடி-கள் போட்டுக்கிட்டு வர்ற என்பிடெல் வீடியோ, எல்லாம் நெட்டுலதான். கல்விக் கட்டணத்துல "இன்டர்நெட் வசதி"ன்னு ஒரு வரி போட்டு அந்தப் பிள்ளைகிட்டயும் சேர்த்துத்தான் வாங்குறாங்க. காசு வாங்கும்போது கருவிக்கு வயசு பார்க்கலையே?

*

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நல்லா இருக்காது. நெட்வொர்க் பார்க்குற அண்ணன்கள் யாராவது இதைப் படிச்சா, வரிசையா இதைச் செய்யுங்க. உங்க வேலை கஷ்டம்னு தெரியும். நெட் நல்லா இருந்தா யாரும் கூப்பிட்டுப் பாராட்ட மாட்டாங்க, நின்னா மட்டும் முதல்வர் வரைக்கும் கூப்பிடுவாங்க.

1. முதல்ல அளந்து பாருங்க. எந்தக் கருவி எந்தத் தரம், எந்த வேகம், சேனல் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கு, எல்லாம் உங்க கன்ட்ரோலர்லயே இருக்கு. ஒரு வாரம் எடுத்து வைங்க. பி கருவி எத்தனைன்னு பாருங்க. பூஜ்யம் வந்தா ஆச்சரியப்பட மாட்டேன்.

2. 1, 2, 5.5, 11 வேகங்களை அணைச்சிடுங்க. குறைந்தபட்சம் 6, ஏ.பி. நெருக்கமா இருக்குற இடத்துல 12.

3. எஸ்எஸ்ஐடி-யை ரெண்டு மூணுக்குள்ள அடக்குங்க. துறைக்கு ஒரு பேர் வெச்சா பெருமை இல்லை, அது காத்துக்குப் பாரம். யார் மாணவர், யார் ஆசிரியர்னு பின்னாடி சர்வர்ல பிரிச்சுக்கலாம்.

4. 2.4-ல 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும், சேனல் 1, 6, 11 மட்டும். ஏ.பி. ரொம்ப நெருக்கமா இருந்தா ஒண்ணு விட்டு ஒண்ணு 2.4 ரேடியோவை அணைச்சிடுங்க. எல்லாத்தையும் இல்லை, ஒண்ணு விட்டு ஒண்ணு!

5. ஏ.பி.-யைத் தாழ்வாரத்துல வரிசையா மாட்டி முழு பவர்ல அலற விடாதீங்க. வகுப்புக்குள்ள மாட்டி, பவரைக் குறைங்க. போன் திரும்பப் பேசுற சத்தம் குறைவு, ஏ.பி. மட்டும் கத்தி என்ன பிரயோஜனம்?

6. ஏர்டைம் ஃபேர்னெஸ்னு ஒரு வசதி இருக்கும், போட்டு விடுங்க. மைக்கை முறை கணக்குல கொடுக்காம நேரக் கணக்குல கொடுக்குற ஏற்பாடு அது. ஏ.பி. அனுப்புற பக்கம் நல்லாவே வேலை செய்யும். லினக்ஸ்ல இதைச் செஞ்சு காட்டி 2017-ல ஒரு கட்டுரையே வந்திருக்கு. 2003-ல சொன்ன கோளாறுக்குப் பதில் வந்து இத்தனை வருஷம் ஆச்சு. கோளாறை மட்டும் மேற்கோள் காட்டி, பதிலை மறைக்காதீங்க.

7. நூலகத்துலயும் லேப்லயும் லேன் வயரை இழுத்து விடுங்க. அந்தப் பழைய லேப்டாப்புல லேன் போர்ட் இருக்கு, புது மெல்லிசு லேப்டாப்புலதான் இல்லை! வயருக்கு 2.4-ம் தெரியாது 5-ம் தெரியாது.

8. அப்படியும் 5 வேணும்னா, ரெண்டு பேண்டும் தெரிஞ்ச யூஎஸ்பி வைஃபை குச்சி ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. நூறு வாங்கி நூலகத்துல புத்தகம் மாதிரி இரவல் கொடுங்க. ஒரு ஆண்டு விழா மேடை அலங்காரத்தை விட மலிவு.

இந்த எட்டையும் செஞ்சு பார்த்துட்டு, அளந்து பார்த்துட்டு, "இன்னும் என் கருவிங்கதான் இடிக்குது"ன்னு எண்ணோட வந்து சொல்லுங்க. உக்காந்து பேசுவோம். முதல் படியே ஏறாம எட்டாவது மாடியில இருந்து பிள்ளையைத் தள்ளாதீங்க.

*

கடைசியா ஒண்ணு. இது இந்த வருஷத்தோட முடியுற சமாச்சாரம் இல்லை. 2025 மார்ச் பட்ஜெட்ல தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்துல லேப்டாப் இல்லாட்டி டேப்லெட் கொடுக்கப் போறதா அறிவிச்சுது. 2025 மே மாசம் 6 கிகாஹெர்ட்ஸோட கீழ்ப்பாதியை உரிமம் இல்லாமத் திறந்துவிட மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டுது. இப்போ "5 மட்டும்"னு கேட்டைப் பூட்டுற அதே புத்தி, இன்னும் சில வருஷத்துல "6 மட்டும்"னு பூட்டும். அன்னிக்கு இன்னிக்குப் புதுசு வெச்சிருக்குறவங்களும் "பழைய கருவி"தான். அப்பவும் ஒரு சுற்றறிக்கை வரும், அப்பவும் வாங்கிக்கொள்ளவும்னு எழுதியிருக்கும்.

உரிமம் இல்லாத அலைவரிசைங்கிறது நம்ம பீச் மாதிரி. காலையில ஆறு மணிக்கு காரை நிறுத்திட்டு ஷூ போட்டு நடக்குறவரும் வரலாம், செருப்பு இல்லாம சுண்டல் விக்கிற பையனும் வரலாம். கூட்டம் அதிகமானா நடக்குற ஒழுங்கைச் சரி பண்ணணும். ஷூ இல்லாதவன் வரக் கூடாதுன்னு போர்டு வெச்சா அது பீச் இல்லை, யாரோ ஒருத்தரோட கொல்லைப்புறம்.

வளாக நெட்வொர்க்கோட வேலை வேகப் போட்டியில ஜெயிக்கிறது இல்லை. உள்ளே வந்த பிள்ளை எல்லாருக்கும் பாடம் போய்ச் சேர்றதுதான். அது முடியலைன்னா, குறை பிள்ளை கையில இருக்குற பெட்டியில இல்லை.

டிஸ்கி 1: பீக்கன் கணக்குல 250 பைட்ங்கிறது தோராயம். உங்க ஏ.பி. இன்னும் பெருசா விட்டா நிலைமை இன்னும் மோசம், என் கட்சி இன்னும் பலம் ;-)

டிஸ்கி 2: உங்க கல்லூரியிலயோ ஆபீஸ்லயோ குறைந்தபட்ச வேகம் என்னன்னு ஸ்கேன் பண்ணிப் பார்த்துப் பின்னூட்டத்துல போடுங்க. கல்லூரிப் பேர் வேண்டாம், எண்ணு மட்டும் போதும். 1-னு எத்தனை பேர் போடுறீங்கன்னு பார்ப்போம். திட்டுறதுன்னாலும் எண்ணோட வந்து திட்டுங்க.